முகம் எந்த இடத்தில் தலைகீழாகிறது?

சவரக் கண்ணாடிகள் சிலவற்றில் ஒரு பக்கம் முகத்தைப் பெரிதாகக் காட்டும். அது குழி ஆடி. அந்தப் பக்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டு மெல்லப் பின்னால் நகர்ந்து பாருங்கள்.

அதன் குவியத் தொலைவு 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. அருகில் நின்றால் முகம் நேராக, மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். இது மாய பிம்பம். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் அங்கே ஒளி எதுவும் போவதில்லை. 30 செ.மீ.யை நெருங்க நெருங்க முகம் ஊதிப் பெருத்துக் கலங்கிவிடும். அந்த எல்லையில் எதிரொளித்த கதிர்கள் இணையாகப் போவதால் பிம்பம் எங்கும் சேர்வதில்லை. 30-க்கும் 60-க்கும் நடுவே பெரிய தலைகீழ் பிம்பம் உண்டாவது உண்மைதான். ஆனால் அது விழுவது நம் தலைக்குப் பின்னால்! கண்ணுக்குக் கிடைப்பது வெறும் கலங்கல். சரியாக 60 செ.மீ.யில், அதாவது வளைவு மையத்தில், பிம்பமும் நம் முகமும் ஒரே இடத்தில், ஒரே அளவில்.

ஒரு மீட்டர் தள்ளிப் போனால் காட்சி தெளிகிறது. கண்ணாடிக்கு முன்னே சுமார் 43 செ.மீ. தொலைவில், காற்றில், நம் முகம் சிறியதாகத் தலைகீழாக நிற்கும். இது மெய் பிம்பம், திரையில் பிடிக்கலாம். இருட்டறையில் எதிர்ச்சுவர் ஜன்னலுக்கு நேராகக் கண்ணாடியைத் திருப்பி, அதற்கு முன்னால் வெள்ளைத் தாளின் ஓரத்தை நீட்டினால் ஜன்னல் கம்பிகள்கூடத் தாளில் விழும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. வெயிலில் மட்டும் செய்யாதீர்கள். குவியத்தில் தாள் தீப்பற்றும்.

கொண்டை ஊசி வளைவுகளில் நிற்கும் குவி ஆடிக்கு இந்தக் குணமாற்றம் கிடையாது. வண்டி எங்கிருந்தாலும் நேராகவும் சிறியதாகவுமே காட்டும். பைக்கின் பக்கக் கண்ணாடியும் பெரும்பாலும் இதே வகை. அதில் தூரத்தில் தெரியும் லாரி நிஜத்தில் அதைவிட நெருங்கிவிட்டிருக்கும்.

மீண்டும் குழி ஆடிக்கு வருவோம். பொருள் விலகிக்கொண்டே போனால் பிம்பம் குவியத்தை நோக்கி வரும். விண்மீன்களோ கணக்கில் அடங்காத தூரம். அவற்றின் பிம்பம் குவியத்திலேயே விழும். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.34 மீட்டர் அகலம், குவியத் தொலைவு சுமார் 7.6 மீட்டர். அதன் குவியத்தில் முழுநிலவு ஏறக்குறைய 7 செ.மீ. வட்டமாக விழும். விண்மீன் மட்டும் அங்கும் புள்ளிதான். ஆடியின் அகலத்தால் கூடுவது ஒளி: பக்கத்திலேயே உள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியைவிட ஏறத்தாழ ஐந்தரை மடங்கு.