அணியின் பெயரும் அதன் வேலையும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் பதினோராம் வகுப்பு மாணவர்கள் எடுக்கும் பாடம் ‘ஏபி இங்கிலீஷ் லாங்குவேஜ் அண்ட் காம்போசிஷன்’. கல்லூரித் தரத்துப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, மே மாதம் காலேஜ் போர்டு நடத்தும் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால், பல கல்லூரிகள் அதைத் தங்கள் பாடக் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. மதிப்பெண் 1 முதல் 5 வரை. கதையும் கவிதையும் வேறொரு பாடத்துக்கு உரியவை. இங்கே சொற்பொழிவு, கடிதம், கட்டுரை, பத்திரிகைப் பத்தி ஆகியவைதான். எழுதியவர் என்ன சொன்னார் என்பதோடு, எப்படிச் சொல்லித் தம் பக்கம் இழுத்தார் என்பதையும் மாணவர் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்காகப் பல வகுப்புகளில் ஆண்டுத் தொடக்கத்திலேயே அணிகளின் நீளமான பட்டியல் ஒன்று கைக்கு வந்துவிடும். அனஃபோரா, ஆன்டிதிசிஸ், கையாஸ்மஸ், அசிண்டட்டன், லிடொடீஸ், சினெக்டகி என்று அது போகும். பெரும்பாலும் கிரேக்கப் பெயர்கள். வாயில் நுழையாத இந்தப் பெயர்களுக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பேச்சுக்கலைப் பயிற்சி இருக்கிறது. நீதிமன்றத்திலும் மன்றத்திலும் வாய்ப்பேச்சால் வழக்கு வென்ற கிரேக்கர்களுக்குப் பேச்சு ஒரு தொழில்நுட்பம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் அதை ஒழுங்குபடுத்தி, நம்பவைக்கும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்: பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம். ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் என்று இன்றும் மாணவர்கள் உருப்போடுவது இவற்றைத்தான். ரோமானியர்கள் அணிகளை எடுத்துக்காட்டுகளோடு தொகுத்தார்கள். ஐரோப்பியப் பள்ளிகள் அவற்றை நூற்றாண்டுக் கணக்கில் பாடமாக வைத்தன.

பெயர்களை ஆங்கிலமாக்கிப் பார்த்தவரும் உண்டு. 1589இல் ஜார்ஜ் பட்டன்ஹாம் தம் கவிதை இலக்கண நூலில் ஐரனி எனும் முரண்நகைக்கு ‘வறட்டுக் கிண்டல்’ என்றும், உயர்வு நவிற்சிக்கு ‘உரக்கப் பொய் சொல்பவன்’ என்றும் பொருள்படும் பெயர்களைச் சூட்டினார். கிரேக்கத்தைவிட எவ்வளவோ சுவையானவை. ஆனால் ஒட்டவில்லை, மாணவர்களின் துரதிர்ஷ்டம்.

பட்டியலில் உள்ள எல்லாமே ஒரே அளவு பயன்படுவதில்லை. அடிக்கடி எதிர்ப்படுபவை சில. வாக்கியங்கள் ஒரே தொடரால் தொடங்கினால் அனஃபோரா. ஒரே தொடரில் முடிந்தால் எபிஸ்ட்ரோஃபி. எதிரெதிரானவற்றை ஒரே அமைப்பில் நிறுத்துவது ஆன்டிதிசிஸ். ‘சாப்பாடு மோசமில்லை’ என்று குறையை மறுத்து நிறையைச் சொன்னால் லிடொடீஸ். அதிகம் குழப்புவது மெட்டோனிமியும் சினெக்டகியும். ஆகுபெயர் படித்த தமிழ் மாணவருக்கு இது பழகிய இடம்தான்: வெள்ளை மாளிகை அறிவித்தது என்பது இடவாகுபெயர், ஆங்கிலக் கணக்கில் மெட்டோனிமி, தலைக்கு நூறு ரூபாய் என்பது சினையாகுபெயர், அங்கே சினெக்டகி.

பெயர் தெரிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். பேச்சுக்கலை விதிகள் கருவிகளுக்குப் பெயர் வைக்க மட்டுமே கற்றுத்தருகின்றன என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே கவிஞர் சாமுவேல் பட்லர் கிண்டலடித்துவிட்டார். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் முன் ஆற்றிய உரையை எடுத்துக்கொள்ளலாம். அதன் தொடக்கப் பகுதியில் வங்கிக் காசோலை உருவகம் ஒன்று வருகிறது. நாட்டை நிறுவியவர்கள் எல்லாக் குடிமக்களுக்கும் உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். கறுப்பின மக்கள் அதை மாற்றப் போனபோது, கணக்கில் பணமில்லை என்று காசோலை திரும்பிவிட்டது என்கிறார் கிங். ‘கிங் உருவகத்தைப் பயன்படுத்திக் கேட்பவர்களை ஈர்க்கிறார்’ என்று ஒரு மாணவர் எழுதினால், அதில் பிழை இல்லை, சரக்கும் இல்லை. எந்த உரைக்கும் எந்த உருவகத்துக்கும் அந்த வாக்கியம் பொருந்தும்.

இன்னொருவர் வேறு மாதிரி யோசிக்கிறார். காசோலை என்று வந்தவுடன் உரிமை என்பது பிச்சையாகவோ சலுகையாகவோ இல்லாமல், எழுதிக் கொடுத்துவிட்டு அடைக்காத கடனாகிவிடுகிறது. வெட்கப்பட வேண்டியவர் கேட்பவர் அல்லர், கொடுக்க வேண்டியவர். வணிக நேர்மையைப் பெரிதாகப் பேசும் நாட்டில், கறுப்பினப் போராட்டத்தில் அக்கறை இல்லாத வெள்ளையருக்கும் காசோலை திரும்புவது அவமானம் என்று தெரியும். மேலும், பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் அவர்கள் போற்றும் தேசத் தந்தையரே என்பதால் அதை மறுப்பதும் எளிதல்ல. இப்படி எழுதும் மாணவர் ‘உருவகம்’ என்ற சொல்லையே விட்டுவிட்டாலும் மதிப்பெண் குறையாது.

கலைச்சொல்லைவிடக் கைகொடுப்பது சாதாரணமாகத் தோன்றும் வினைச்சொற்களும் தொனிச்சொற்களும். ஆசிரியர் ‘சொல்கிறார்’ என்று பத்து முறை எழுதுவதற்குப் பதில், ஒப்புக்கொள்கிறார், மறுதலிக்கிறார், மட்டம் தட்டுகிறார், எச்சரிக்கிறார் என்று பிரித்தறியும் வினைகள் கையில் இருந்தால் பாதி ஆய்வு அங்கேயே நடந்துவிடும். கோபம் என்று பொதுவாகச் சொல்வதற்கும், ஆற்றாமை, ஏளனம், கசப்பு என்று தரம் பிரித்துச் சொல்வதற்கும் உள்ள தூரமும் அதுதான்.

ஆங்கிலத்தில் இந்தத் தரம் பிரித்தல் வரலாற்றோடு பின்னியது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் அரண்மனை வழியாகவும் நீதிமன்றம் வழியாகவும் உள்ளே வந்தன. பின்னர் அறிஞர்கள் லத்தீனிலிருந்து நேரடியாக எடுத்தார்கள். அதனால் ஒரே பொருளுக்கு மூன்று அடுக்கு கிடைத்தது. ‘ஆஸ்க்’ வீட்டுச் சொல், ‘கொஸ்டின்’ கொஞ்சம் விறைப்பு, ‘இன்டராகேட்’ காவல் நிலைய வாடை. ஓர் எழுத்தாளர் எந்த அடுக்கிலிருந்து சொல் எடுக்கிறார் என்று கவனிப்பதே டிக்ஷன் எனும் சொல்தேர்வு ஆய்வில் முக்கால் பங்கு. கிரேக்க, லத்தீன் வேர்கள் சிலவற்றைத் தெரிந்துவைத்தால் அறிமுகமில்லாத சொல்லையும் ஓரளவு ஊகிக்கலாம்.

அரிய சொற்களை மூட்டையாக மனப்பாடம் செய்யும் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வும் காரணம். 2016இல் அதைத் திருத்தியமைத்தபோது அகராதி மூலையில் கிடக்கும் சொற்களைக் கேட்பது கைவிடப்பட்டு, பத்தியில் ஒரு சொல் என்ன பொருளில் நிற்கிறது என்பது கேள்வியாயிற்று. படிக்கும் முறையில் மட்டும், முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் பொருளும் எழுதிய பழைய அட்டை இன்னும் வாழ்கிறது. ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறையில், சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போய் நாள் கழித்து வரும்; தவறியது முதல் அறைக்குத் திரும்பும். குவிஸ்லெட் அதே அட்டைகளைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2005இல் பிரெஞ்சுச் சொற்களைப் படிக்க கலிபோர்னியப் பள்ளி மாணவர் ஒருவர் உருவாக்கியது அது. அட்டையின் பின்பக்கம் வரையறையை மட்டும் எழுதுவதைவிட, சொந்தமாக ஒரு வாக்கியமும், அந்த உத்தி என்ன விளைவைத் தருகிறது என்ற குறிப்பும் எழுதுவது நல்லது.

ஏபி தேர்வில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆறு புள்ளி. மையக் கருத்துக்கு ஒன்று, சான்றுக்கும் விளக்கத்துக்கும் நான்கு. மிஞ்சிய ஒன்று ‘சொஃபிஸ்டிகேஷன்’ என்ற தலைப்பில் வருகிறது. பெயரைப் பார்த்துச் சிலர் கனமான சொற்களை வாரி இறைக்கிறார்கள். அந்தப் புள்ளி உரையின் உள்முரணையோ அது எழுந்த சூழலின் சிக்கலையோ கட்டுரை முழுக்க விடாமல் பிடித்துச் செல்பவருக்கோ, நடையே தெளிவும் உயிர்ப்புமாக இருப்பவருக்கோ போகிறது.