அரை ஆட்டம் ஆடிய கோச்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை. அமெரிக்கக் கால்பந்தில் அதிகம் ஜெயித்த கோச் யார் என்று கேட்டால், பலரும் சொல்லும் பெயர் புரூஸ் அரீனா. அவர் நாட்டுக்காக எத்தனை ஆட்டம் ஆடினார் தெரியுமா? ஒன்றே ஒன்று. 1973 நவம்பரில் இஸ்ரேலுக்கு எதிராக, அதுவும் இரண்டாம் பாதியில் இறங்கிய மாற்று கோல்கீப்பராக.

இவ்வளவு குறைவாக ஆடியவர் அவ்வளவு உயரம் போனது எப்படி? விடை அந்த நாட்டின் அமைப்பில் இருக்கிறது. ஐரோப்பாவில் எட்டு, பத்து வயதுப் பையனை கிளப் எடுத்து வளர்த்துவிடும். அமெரிக்காவில் அன்று அந்த வழி இல்லை. பள்ளிக்கூடம், அது முடிந்தால் கல்லூரி, அவ்வளவுதான். பெலே வந்து ஆடிய வட அமெரிக்க லீக்கே 1984 சீசனோடு இழுத்து மூடப்பட்டது. அடுத்த முதல்நிலை லீக்கான எம்.எல்.எஸ். தொடங்கியது 1996-இல். இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டுக் கால்பந்தைச் சுமந்தவை பெரும்பாலும் கல்லூரி மைதானங்கள்தான்.

அரீனாவும் அங்கே விளைந்தவரே. 1951-இல் புரூக்ளினில் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோல்கீப்பர்; கூடவே லக்ராஸும் ஆடினார். நீண்ட கோலின் நுனியில் கட்டிய வலையால் பந்தைப் பிடித்து எறிகிற ஆட்டம் அது. இரண்டு ஆட்டங்களிலும் கொஞ்ச காலம் சம்பளத்துக்கு ஆடிப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. 1978-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது: கால்பந்துக்குத் தலைமை கோச், லக்ராஸுக்கு உதவி கோச்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கல்லூரி கோச்சால் ஆட்டக்காரரை விலைக்கு வாங்க முடியாது. பள்ளி முடிக்கும் பையனையும் பெற்றோரையும் பார்த்துப் பேசி இணங்க வைக்க வேண்டும். நான்கு வருடத்தில் பையன் பட்டம் வாங்கிப் போய்விடுவான். திரும்பவும் முதலிலிருந்து ஆள் தேட வேண்டும். சீசனோ இலையுதிர் காலத்தில் சில மாதம்தான். ஆக, ஆளை எடைபோடுவதும், புது ஆட்களைச் சீக்கிரம் ஓர் அணியாகச் சேர்ப்பதும்தான் அந்த வேலையின் சாரம். அரீனா அங்கே ஐந்து தேசியப் பட்டங்கள் வென்றார். 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு. ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா, கிளாடியோ ரெய்னா எல்லாம் அவரிடம் ஆடியவர்கள்.

எம்.எல்.எஸ். தொடங்கியபோது எல்லா அணியும் புது அணி. பழகிய வேலைதானே! அவர் கோச்சாகப் போன டி.சி. யுனைடெட் முதல் இரண்டு வருடமும் கோப்பையைத் தூக்கியது. 1998 உலகக் கோப்பையில் கடைசி இடத்தில் முடிந்த தேசிய அணியை அடுத்து அவரிடம் ஒப்படைத்தார்கள். 2002 உலகக் கோப்பையில், கொரியாவில், லேண்டன் டோனவன், டாமார்கஸ் பீஸ்லி என்ற இருபது வயதுப் பையன்கள் இருவரை நம்பி இறக்கினார். ஃபீகோ ஆடிய போர்ச்சுகலை 3-2, மெக்சிகோவை 2-0 என்று வென்றார்கள். கால் இறுதியில் ஜெர்மனியிடம் 0-1 தோல்வி. கோல் கோட்டில் ஜெர்மானியரான ஃப்ரிங்ஸின் கையில் பந்து பட்டதற்கு நடுவர் பெனால்டி தரவில்லை என்று அமெரிக்கர்கள் இன்றும் புலம்புவார்கள்.

அதே டோனவனையும் டேவிட் பெக்கமையும் வைத்து, லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்கு 2011, 2012 இரண்டு வருடமும் கோப்பை வாங்கித் தந்தார். 2014-இல் இன்னொன்று. மொத்தம் ஐந்து எம்.எல்.எஸ். கோப்பைகள்.

சறுக்கலும் உண்டு. 2006 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வீடு திரும்பினார். பிறகு தேசிய அணியை மீட்க இரண்டாம் முறை அழைத்தார்கள். டிரா செய்தாலே போதும் என்ற நிலையில், 2017 அக்டோபர் 10 அன்று டிரினிடாடிடம் 1-2 என்று தோற்று, அமெரிக்கா உலகக் கோப்பைக்கே போகவில்லை. மூன்றே நாளில் பதவி விலகினார். 2023-இல் நியூ இங்கிலாந்து என்ற எம்.எல்.எஸ். அணியை விட்டு விலகியதும் நல்லவிதமாக இல்லை. தகாத முறையில் பேசினார் என்ற புகாரை லீக் விசாரித்த பிறகு நடந்தது அது.

இன்று எம்.எல்.எஸ். கிளப்புகளே அகாடமி நடத்துகின்றன; கிறிஸ்டியன் புலிசிக் போன்றவர்கள் பதின்வயதிலேயே ஜெர்மனிக்குப் போய்விடுகிறார்கள். கல்லூரி வழி சுருங்கிவருகிறது. இப்படியொரு கோச் அந்த வழியில் இனி வருவது கடினம். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு கோச்சை அளக்கும்போது அவர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று பார்க்காதீர்கள். யாரைத் தேர்ந்தெடுத்து இறக்கினார் என்று பாருங்கள்.