முரளிதரனும் வோர்னும்



ஒரே காலத்தில் வாழ்ந்து, ஒரே கலையில் உச்சநிலை எய்திய இருவரை அருகருகே நிறுத்திப் பார்ப்பதில் மனிதருக்கு என்றும் ஓர் ஆவல் உண்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இரு தவில் வித்துவான்களின் வாசிப்பைக் கேட்டு வீடு திரும்புவோர், எவர் பெரியவர் என்று வழிநெடுக வாதிட்டுச் செல்வதை நாம் அறிவோம். துடுப்பாட்ட உலகில் அத்தகைய வாதத்திற்கு நெடுங்காலம் இடமளித்த இருவர், நம் நாட்டு முத்தையா முரளிதரனும் அவுஸ்திரேலியாவின் ஷேன் வோர்னும் ஆவர். இருவரும் சுழற்பந்து வீச்சாளர். இருவரும் டெஸ்ட் ஆட்டங்களில் முதன்முதலாக இறங்கிய ஆண்டு 1992.

யாழ்ப்பாணத்தில் இவ்வினாவை எழுப்பினால் விடை முன்னரே ஆயத்தமாக இருக்கும். முரளிதரன் தமிழர், நம்மவர். ஆயினும் பற்றினால் வழங்கும் தீர்ப்பு அவருக்குப் பெருமை சேர்ப்பதில்லை. எதிர்த்தரப்பின் வாதம் அனைத்தையும் கேட்ட பின்னரும் நிலைத்து நிற்கும் புகழே உண்மைப் புகழாகும். ஆதலின் இன்று அவ்வாதங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலில் இருவர் கலையின் வேறுபாட்டை அறிதல் வேண்டும். வலக்கைத் துடுப்பாட்டக்காரர் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். வோர்ன் வீசும் பந்து நிலத்திற் பட்டதும் அவரை விட்டு விலகிச் செல்லும். இதனை லெக் ஸ்பின் என்பர். முரளிதரன் வீசும் பந்து நிலத்திற் பட்டதும் அவரை நோக்கி உட்புகும். இது ஓஃப் ஸ்பின். முன்னது மணிக்கட்டைத் திருப்பி வீசப்படுவது. கட்டுப்படுத்துதற்கு மிக அரியது. பின்னதைப் பெரும்பாலோர் விரல்களால் சுழற்றுவர். முரளியோ ஓஃப் ஸ்பின்னையும் மணிக்கட்டினாலேயே சுழற்றினார். அதனாலேயே பிறர் பந்து சிறிதே திரும்பும் ஆடுகளத்திலும் அவருடைய பந்து பெரிதும் திரும்பியது. பிற்காலத்தில், அதே கைவீச்சில் எதிர்த்திசைக்குத் திரும்பும் ‘தூஸ்ரா’ என்னும் பந்தையும் அவர் கைவரப்பெற்றார்.

தமிழ்நாட்டிலிருந்து மலையகத்திற்கு வந்த ஒருவரின் பேரரான முரளி, 1972இல் கண்டியிற் பிறந்தார். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த அவரைப் பதினான்காம் வயதிற் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அவருடைய பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. மெல்பேர்ணில் 1969இற் பிறந்த வோர்ன், அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் வாழ்வு தேடி, அங்கே இடம் கிடையாமையால் துடுப்பாட்டத்திற்கு வந்தவர். சிட்னியில் இந்தியாவுக்கெதிரான தமது முதல் டெஸ்டில் 150 ஓட்டங்களைக் கொடுத்து ஒரே ஒரு விக்கெட்டை அவர் பெற்றார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திற் கொழும்பில், வெற்றி இலங்கையின் கைக்கு எட்டும் வேளையில், 11 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை வீழ்த்தி ஆட்டத்தைத் திருப்பினார். அதற்கடுத்த டெஸ்டிலேதான் முரளிதரன் களம் புகுந்தார்.

இனிப் புள்ளிவிவரங்களைப் பார்ப்போம். முரளி 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட் ஒன்றுக்கு 22.72 ஓட்டங்களைக் கொடுத்தார். வோர்ன் 145 ஆட்டங்களில் 708 விக்கெட்டுகளைப் பெற்றார். அவர் கொடுத்தது விக்கெட் ஒன்றுக்கு 25.41 ஓட்டங்கள். ஓர் இன்னிங்ஸில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விக்கெட்டுகளை முரளி 67 தடவையும், வோர்ன் 37 தடவையும் வீழ்த்தினர். இவ்வெண்களை மட்டும் நோக்கின் வழக்கு முடிந்ததென்றே தோன்றும்.

ஆனால் எண்களையும் சாட்சிகளைப் போல் குறுக்கு விசாரணை செய்தல் வேண்டும். முரளியின் விக்கெட்டுகளில் 176, அன்று வலிமை குன்றியிருந்த சிம்பாப்வே, பங்களாதேஷ் அணிகளுக்கெதிராகக் கிடைத்தவை. வோர்னுக்கு அவ்வாறு கிடைத்தவை 17 மட்டுமே. இது எதிர்த்தரப்பின் முதல் வாதம். சரி, அவற்றை இருபுறமும் கழித்துவிடுவோம். முரளிக்கு 108 ஆட்டங்களில் 624 எஞ்சும்; வோர்னுக்கு 142 ஆட்டங்களில் 691. ஆட்டம் ஒன்றுக்கு முரளி ஏறத்தாழ 5.8, வோர்ன் 4.9. முதல் வாதம் முரளியை அசைக்கவில்லை.

இரண்டாம் வாதம் வலிமை மிக்கது. முரளியின் 800 விக்கெட்டுகளில் 493 சொந்த மண்ணிற் பெற்றவை. நம் ஆடுகளங்கள் சுழற்பந்துக்கு உகந்தவை என்பது எவரும் அறிந்ததே. வோர்னோ பிற நாட்டு மண்ணிலேயே மிகுதியாகச் சாதித்தவர். ஒருவர் மற்றவர் நாட்டில் எவ்வாறு வீசினார் என்று பார்ப்பின் வேறுபாடு துலங்கும். இலங்கை மண்ணில் வோர்ன் 9 டெஸ்டுகளில் 48 விக்கெட்டுகளைப் பெற்றார். விக்கெட் ஒன்றுக்கு அவர் கொடுத்தது ஏறத்தாழ 20 ஓட்டங்கள். அவுஸ்திரேலிய மண்ணில் முரளி 5 டெஸ்டுகளில் 12 விக்கெட்டுகளே பெற்றார்; விக்கெட் ஒன்றுக்கு 75 ஓட்டங்களைக் கொடுத்தார். இதனை மறைப்பது நேர்மையாகாது. இந்திய மண் மட்டும் இருவருக்கும் ஒருபடித்தாகவே கடினமாயிருந்தது: அங்கே விக்கெட் ஒன்றுக்கு வோர்ன் 43 ஓட்டங்களும் முரளி 45 ஓட்டங்களும் கொடுத்தனர்.

இதற்கு மறுமொழியாக நாம் கூறத்தக்கது சுமையைப் பற்றியது. வோர்னுக்குத் துணையாக 563 விக்கெட்டுகள் வீழ்த்திய கிளென் மக்ரா மறுமுனையில் வீசினார். முரளிக்கும் சமிந்த வாஸ் என்னும் நல்ல துணைவர் இருந்தார். அவருக்கப்பால் எதிரணியைத் திணறச் செய்வோர் அரியர். ஆதலின் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 331 பந்துகளை முரளி வீச நேர்ந்தது. வோர்ன் வீசியவை 281. மக்ராவுடன் விக்கெட்டுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்ததும் வோர்னின் எண்ணிக்கையைக் குறைத்தது என்பாரும் உளர்; அதிலும் உண்மை உண்டு. எனினும், தம்மை ஒருவரையே நம்பியிருக்கும் அணிக்காக நாள் முழுதும் வீசுவது வேறு வகையான சோதனை. 1998இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தின் 20 விக்கெட்டுகளில் 16ஐ முரளி தனியொருவராக வீழ்த்தி நாட்டிற்கு வெற்றி தேடித் தந்தார்.

மூன்றாம் வாதம் முழங்கையைப் பற்றியது. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ணில், முரளி பந்தை வீசாது எறிகின்றார் என்று நடுவர் டரல் ஹெயர் ஏழு தடவை அறிவித்தார். இங்கே விதியைத் தெளிவாக உணர்தல் வேண்டும். கை வளைந்திருத்தல் குற்றமன்று. வீசுங்கால் வளைந்த கை நிமிர்தலே குற்றம். முரளியின் முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிராதது. வளைந்த அக்கை வேகமாகச் சுழல்கையில், அது நிமிர்வதுபோல் வெறுங்கண்ணுக்குத் தோன்றும். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவர் ஆய்வுக்கு உட்பட்டார். 1996இல் அவருடைய வீச்சு ஏற்கப்பட்டது. 2004இல் தூஸ்ராவின்மீது மீண்டும் ஐயம் எழ, அதனை வீசலாகாதெனச் சிறிதுகாலம் தடுக்கப்பட்டார். அவ்வாண்டு பிற வீச்சாளர்களையும் நுண்ணிய படக்கருவிகளால் ஆராய்ந்தபோது, தூயதெனக் கருதப்பட்ட பலருடைய கைகளும் சில பாகை நிமிர்வது கண்டறியப்பட்டது. ஆகவே 2005 முதல் அனைவருக்கும் பொதுவாக 15 பாகை எல்லை வகுக்கப்பட்டது. முரளிக்காக விதி வளைக்கப்பட்டது என்போர், எல்லோருடைய கையும் அளக்கப்பட்டமையை மறந்துவிடுகின்றனர். கண்ணாற் கண்டதும் பொய்யாகலாம் என்ற மூதுரைக்கு இதனினும் சிறந்த உதாரணம் அரிது.

வோர்னின் மேன்மை எண்களுக்கு அகப்படாதது. 1993இல் மன்செஸ்டரில், இங்கிலாந்துக்கெதிரான டெஸ்ட் ஒன்றில் அவர் வீசிய முதற் பந்து, மைக் கட்டிங்கின் காற்புறத்துக்கு வெளியே விழுந்து, துடுப்பைக் கடந்து மறுபுறத்து ஸ்டம்பைத் தகர்த்தது. அழிந்துபோகும் நிலையிலிருந்த லெக் ஸ்பின் கலைக்கு அன்று உயிர் மீண்டது. எதிரியின் மனத்தில் ஐயத்தை விதைத்து, அவ்வையம் முளைக்கும்வரை காத்திருப்பதில் அவருக்கு இணையில்லை. 2003இல் தடைசெய்யப்பட்ட மருந்தை உட்கொண்டமைக்காக ஓராண்டு விலக்கப்பட்டதும், மீண்டு வந்து 2005இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டுகளில் 40 விக்கெட்டுகள் வீழ்த்தியதும் ஒரே மனிதரின் வரலாறே.

இருவரும் நேருக்கு நேர் நின்ற சோதனைக்களமும் ஒன்று உண்டு. 2004 மார்ச்சில் இலங்கையில் நடந்த மூன்று டெஸ்டுகளில், அதே ஆடுகளங்களில், முரளி 28 விக்கெட்டுகளும் வோர்ன் 26 விக்கெட்டுகளும் பெற்றனர். மூன்று ஆட்டங்களிலும் வென்றது அவுஸ்திரேலியா. வீச்சாளர் இருவருக்கிடையே மயிரிழை வேறுபாடு. அணிகளுக்கிடையேயோ பெரும் வேறுபாடு. முரளி சுமந்த சுமை எத்தகையது என்பதை இத்தொடரே காட்டும்.

என் முடிபு இதுவாகும். அந்நிய மண்ணில், பந்து எளிதிற் திரும்பாத களத்தில், ஓர் ஆட்டத்தை வென்றாக வேண்டுமெனின் வோர்னையே அழைப்பேன். ஓர் அணியை ஆண்டுக்கணக்கில் ஒரே தோளிற் சுமக்க ஒருவர் வேண்டுமெனின் முரளிதரனுக்கு நிகர் எவருமில்லை. இரண்டனுள் நெடிய சுமையே அரிதென நான் கருதுவதால், முதலிடத்தை அவருக்கு வழங்குகின்றேன். அதுவும் சிறிய இடைவெளியிலேயே.

2007 டிசம்பரில், தம் சொந்த ஊராகிய கண்டியில், வோர்னின் 708 விக்கெட்டுகளை முரளி கடந்தார். 2010 ஜூலையிற் காலியில் தமது இறுதிப் பந்திலே 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்றார். வோர்ன் 2022 மார்ச் 4ஆம் திகதி தாய்லாந்திற் காலமானார். இரு நாடுகளும் மோதும் டெஸ்ட் தொடருக்குரிய வெற்றிக்கிண்ணம் இன்று இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கின்றது. நம் மாணவர்கள் எவர் பெரியவர் என்று வாதிடட்டும், தடுக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பினரின் எண்களையும் எடுத்துவைத்து வாதிடப் பழகுவார்களாயின், அப்பயிற்சி விளையாட்டிற்கு மட்டுமன்றி வாழ்வுக்கும் உதவும்.