கணிப்பொறியின் உஷ்ணமும் அது வெளியேறும் வழியும்

கோடைக்காலம் பிறந்ததும் நம் நாட்டின் பல பாகங்களிலுள்ள பள்ளிகளிலும் கிளை அலுவலகங்களிலும் ஒரே விதமான முறையீடு எழுவதைக் காண்கிறோம். ஜனவரி மாதத்தில் குறைவின்றி வேலை செய்த கணிப்பொறி, மே மாதத்தில் தளர்ந்து போகிறது. அதன் விசிறி ஓயாது இரைகிறது. பெரிய வேலையொன்றைக் கொடுத்தால் பாதியில் தானே நின்றுவிடுகிறது. யந்திரம் பழையதாகிவிட்டது என்று முடிவு செய்து, அதனை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதியதொன்றைக் கோரி எழுதுவது சிலரது வழக்கம். புதியது வந்து சேரும் வரையில் மாணவர்களின் பயிற்சியும், களத்தில் அரும்பாடுபட்டுத் திரட்டிய விவரங்களைத் தொகுக்கும் பணியும் தடைப்படுகின்றன. ஆனால் ஒதுக்கப்பட்ட யந்திரத்தில் உண்மையான பழுது எதுவும் இல்லாமலிருக்கலாம். உள்ளே பிறக்கும் உஷ்ணம் வெளியே செல்லும் வழி அடைபட்டிருப்பதே குறைக்குக் காரணமாக இருக்கலாம். இதனைச் சோதித்து அறியும் முறையையும் நீக்கும் வகையையும் இங்கே காண்போம்.

உஷ்ணம் பிறக்கும் விதம்

மின்விசிறிக்குச் செல்லும் மின்சாரத்தில் ஒரு பகுதி காற்றை அசைக்கிறது. விளக்கிற்குச் செல்வதில் ஒரு பகுதி ஒளியாகிறது. கணிப்பொறியின் மூளை எனத்தக்க பிராசஸர் என்னும் சில்லிலோ, உட்செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் அங்கேயே உஷ்ணமாக மாறிவிடுகிறது. சாதாரண மேஜைக் கணிப்பொறியின் பிராசஸர் முழு வேலையில் இருக்கும்போது 65 வாட் கொள்வது சகஜம். சில்லின் பரப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 40 வாட்டுக்கு மேல் உஷ்ணம் வெளிப்படுகிறது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு 200 சதுர சென்டிமீட்டர் இருப்பின், அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். ஆகவே பரப்பளவை நோக்குமிடத்து, இச்சிறு சில்லு இஸ்திரிப் பெட்டியைக் காட்டிலும் எட்டு மடங்கு உக்கிரமானது.

இது புதிய பிரச்சினையன்று. அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டு வெளியுலகிற்குக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் கணிப்பொறியில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. அது ஏறத்தாழ 150 கிலோவாட் மின்சாரம் கொண்டது. நம் நாட்டில், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கி, 1962-இல் டிஃப்ராக் எனப் பெயர் பெற்ற யந்திரமும் வால்வுகளால் ஆனதே. டிரான்சிஸ்டர் வந்தபின் உஷ்ணம் வெகுவாகக் குறைந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்குந்தோறும் அதற்குரிய வோல்டேஜையும் குறைத்து வந்தால், ஒரே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டர்களை அடைத்தாலும் உஷ்ணம் மிகாது என்று ராபர்ட் டெனார்டு என்பாரும் அவருடைய சகாக்களும் 1974-இல் எடுத்துக்காட்டினர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இவ்விதி கை கொடுத்தது. பின்னர் வோல்டேஜை மேலும் குறைக்க இயலாத நிலை வந்தது. 2004-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் தான் வகுத்திருந்த அதிவேகப் பிராசஸர் ஒன்றைக் கைவிட்டு, ஒரே சில்லில் பல கருக்களை அமைக்கும் வழிக்குத் திரும்பியது. வேகத்திற்கு எல்லை கட்டியவற்றுள் உஷ்ணம் முதன்மையானது என்பதை இதனால் அறியலாம்.

உஷ்ணம் செல்லும் பாதை

சில்லில் பிறந்த உஷ்ணம் அறையின் காற்றை அடைய ஐந்து படிகளைக் கடக்க வேண்டும். முதற்படி, சில்லின் மேலுள்ள உலோக மூடி. இரண்டாவது, மூடிக்கும் ஹீட் சிங்க் என்னும் உலோகத் தகட்டுத் தொகுதிக்கும் இடையே பூசப்படும் தெர்மல் பேஸ்ட். மூன்றாவது, அந்த ஹீட் சிங்க். நான்காவது, அதன்மீது காற்றை வீசும் விசிறி. ஐந்தாவது, பெட்டியிலிருந்து சூடான காற்று வெளியேறும் துவாரம்.

இவற்றுள் இரண்டாவது படியைப் பலர் அற்பமாக எண்ணுகின்றனர். கண்ணுக்கு மழமழப்பாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும், அவை சில மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. செம்பு உஷ்ணத்தைக் கடத்தும் திறன், காற்றினுடையதைப்போல் ஏறத்தாழ 15,000 மடங்காகும். எனவே மயிரிழையளவு காற்றும் பெரிய தடையாகும். அப்பள்ளங்களை நிரப்பிக் காற்றை அகற்றுவதே பேஸ்ட்டின் வேலை. சில ஆண்டுகளில் அது உலர்ந்து வெடித்துப்போனால் தடை மீண்டும் தோன்றுகிறது.

ஏற்றத்தைக் கணக்கிடுதல்

விசிறியால் குளிர்விக்கப்படும் சாதனம் அறையின் உஷ்ணநிலைக்குக் கீழே ஒருபோதும் செல்லாது. குறிப்பிட்டதொரு வேலையைச் செய்யும்போது, பிராசஸர் அறையைவிட எத்தனை டிகிரி மிகுதியாக இருக்கிறதோ, அதனை 'ஏற்றம்' என்போம். வேலையும் காற்றோட்டமும் மாறாதிருக்கும் வரை ஏற்றமும் ஏறக்குறைய மாறாதிருக்கும்.

ஓர் உதாரணம் காண்போம். தூய்மையான யந்திரத்தின் ஏற்றம் 45 டிகிரி எனக் கொள்வோம். அறை 25 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது பிராசஸர் 70 டிகிரியில் இருக்கும். அறை 45 டிகிரியானால் 90 டிகிரியை எட்டும். இரண்டிலும் அபாயமில்லை. இப்போது தூசு படிந்து ஏற்றம் 60 ஆகிவிட்டது என்போம். குளிர்காலத்தில் 85 டிகிரிதான். குறை எவர் கண்ணுக்கும் படாது. கோடையிலோ அது 105 டிகிரிக்குச் செல்ல முற்படும். பல பிராசஸர்களுக்கு விதிக்கப்பட்ட எல்லை 95 முதல் 100 டிகிரி வரையில்தான். ராஜஸ்தானத்தின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவாயிற்று என்பதை நினைவிற்கொண்டால், இக்கணக்கு வெறும் கற்பனையன்று என்பது விளங்கும்.

எல்லையை எட்டியதும் பிராசஸர் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. தன் துடிப்பின் வேகத்தையும் வோல்டேஜையும் அது குறைத்துக்கொள்ளும். கொள்ளும் மின்சாரம் துடிப்பின் வேகத்தையும் வோல்டேஜின் வர்க்கத்தையும் ஒட்டியது; ஆதலால் வோல்டேஜை நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைத்தாலே, துடிப்பின் வேகம் மாறாவிடினும், மின்செலவு ஏறத்தாழ 19 பங்கு குறையும். இதுவே நாம் காணும் தளர்ச்சி. அதன்பின்னும் உஷ்ணம் ஏறினால் யந்திரம் முற்றிலும் நின்றுவிடும். எனவே இவை காப்புச் செயல்களே. யந்திரம் முதுமையுற்றதற்குச் சான்றாகா.

உஷ்ணநிலையைக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கடினமான வேலையொன்றைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பிராசஸரின் உஷ்ணநிலையையும், சுவரில் மாட்டிய உஷ்ணமானியின் அளவையும் குறித்துக்கொள்க. இரண்டிற்குமுள்ள வித்தியாசமே ஏற்றம். ஒவ்வோர் ஆண்டும் அதே வேலையைக் கொடுத்து அளந்து, முந்தைய அளவோடு ஒப்பிட்டு வந்தால், கோடைக்கு முன்னரே குறை வெளிப்படும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, வெளிப்புறத்தைக் கவனிக்க வேண்டும். தூசு படாதிருக்கப் போர்த்திய துணியுறை, யந்திரம் இயங்கும்போதும் அகற்றப்படாமல் இருக்கலாம். மேஜையின் மூடிய அறைக்குள் பெட்டி திணிக்கப்பட்டிருக்கலாம். பின்புறத்திற்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியேனும் விடுக. மடிக்கணினியை மெத்தையின் மீதோ தலையணையின் மீதோ வைத்து இயக்கலாகாது.

இரண்டாவதாக, தூசு நீக்கம். மின் இணைப்பை அறவே துண்டித்து, பெட்டியை வெளியே கொண்டுசென்று திறக்கவும். உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பின்னரே உட்பாகங்களில் கை வைக்க வேண்டும். விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையாலும் காற்றூதியாலும் தகடுகளின் இடுக்குகளைத் துப்புரவாக்கவும். ஈரத்துணி கூடாது. மின்சாரம் வழங்கும் உட்பெட்டியை எக்காரணத்தாலும் பிரிக்கலாகாது.

மூன்றாவதாக, துப்புரவு செய்தும் ஏற்றம் இறங்காவிடில் பேஸ்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, அரிசிமணியளவு புதியதை நடுவில் இட்டு, ஹீட் சிங்க்கைச் சமமாக அழுத்திப் பொருத்தவும். அதிகம் இட்டால் நன்மை மிகாது. பழக்கமில்லாதவர்கள் இதனைத் தேர்ந்தவரிடம் விடுவதே நலம். உத்தரவாதக் காலம் முடியாத யந்திரத்திற்கும் அதுவே முறை.

நான்காவதாக, பாரத்தை ஒழுங்கு செய்தல். டிரோன் எடுத்த படங்களை இணைத்து வரைபடமாக்குவதும், வீடியோவை வேறு வடிவத்திற்கு மாற்றுவதும் எல்லாக் கருக்களையும் மணிக்கணக்கில் ஈடுபடுத்தும் வேலைகள். அவற்றை விடியற்காலையில் தொடங்குக; தேவையற்ற பிற மென்பொருள்களை மூடிவிடுக. பிராசஸரின் உச்ச அளவைச் சிறிது குறைத்து வைக்கும் வசதி பல கணிப்பொறிகளின் மின்சிக்கன அமைப்பில் உண்டு. வேலை முடியச் சற்று நேரம் கூடினும், இடையில் நின்று முதலிலிருந்து தொடங்குவதைவிட அது மேலானது.

பெட்டியைத் திறந்து மேஜை விசிறியைத் திருப்பி வைப்பது அவசரத்திற்கு உதவும்; ஆனால் தூசு மேலும் சேரும். பனிக்கட்டியை அருகில் வைப்பது அபாயம்; குளிர்ந்த பாகங்களில் நீர்த்துளி படிந்து மின்கசிவு உண்டாகலாம்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம். ஒரே அளவுள்ள இரு எவர்சில்வர் டம்ளர்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி, துளையிட்ட அட்டைகளால் மூடி, துளைவழியே உஷ்ணமானிகளைச் செருகவும். ஒன்றைத் தடித்த துணியால் சுற்றவும். மற்றதை விசிறியின் முன் வைக்கவும். இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை அளவெடுத்து வரைபடம் வரைந்தால், உறையிட்ட கணிப்பொறியின் நிலையை மாணவர் தாமே ஊகித்துக்கொள்வர்.

மேற்கூறிய அனைத்தையும் செய்த பின்னும் ஏற்றம் குறையாமல் யந்திரம் நின்றுபோகுமாயின், அப்போது புதியதைக் கோருவது நியாயமே. துப்புரவிற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளையும், தேதிகளையும், கொடுத்த வேலையின் விவரத்தையும் கோரிக்கையுடன் இணைத்து அனுப்புக.