விமானத்தில் எந்த இருக்கை பாதுகாப்பானது? மோதல் சோதனைகளும் மும்பை விபத்துகளும் கூறுவது என்ன?

மும்பை: ஆமதாபாத்தில் 2025 ஜூன் 12-ஆம் தேதி நேரிட்ட ஏர் இந்தியா விமான விபத்தில், விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். அவசரகால வழியை ஒட்டிய 11ஏ இருக்கையில் அவர் அமர்ந்திருந்தார். அதன் பிறகு, 'எந்த இருக்கை பாதுகாப்பானது?' என்ற கேள்வி பயணிகளிடையே பரவலாக எழுந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் இருந்து விமானத்தில் சொந்த ஊர் செல்லும் தமிழர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. மும்பை-சென்னை வழித்தடம் இரு பெரும் விபத்துகளைக் கண்டுள்ளது.

இரு விபத்துகள், இரு முடிவுகள்

1976 அக்டோபர் 12-ஆம் தேதி அதிகாலை, சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸின் கேரவல் விமானத்தில் என்ஜின் பழுதாகித் தீப்பற்றியது. மும்பைக்குத் திரும்பித் தரையிறங்க முயன்றபோது கட்டுப்பாட்டை இழந்து விழுந்ததில், அதிலிருந்த 95 பேரும் உயிரிழந்தனர்.

1982 ஜூன் 22-ஆம் தேதி, கோலாலம்பூரில் இருந்து சென்னை வழியாக வந்த ஏர் இந்தியாவின் போயிங் 707 விமானம், கனமழையில் மும்பையில் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளானது. அதிலிருந்த 111 பேரில் 17 பேர் உயிரிழக்க, 94 பேர் உயிர் தப்பினர்.

முதல் விபத்தில் எந்த இருக்கையும் உயிர் காக்கவில்லை. இரண்டாவதில் பெரும்பாலானோர் தப்பினர். இருக்கை எண்ணைவிட விபத்தின் தன்மையே முதலில் உயிர்களைத் தீர்மானிக்கிறது என்பதை இவை காட்டுகின்றன.

சோதனைகளில் தெரியவந்தது

1984 டிசம்பர் 1-ஆம் தேதி, நாசாவும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் கலிபோர்னியாவில் ஆளில்லாத போயிங் 720 விமானத்தைத் தரையில் மோதச் செய்தன. தீயைத் தடுக்கும் என எதிர்பார்க்கப்பட்ட எரிபொருள் கலவை பலன் தரவில்லை. விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எரிந்தது.

2012 ஏப்ரலில், மெக்ஸிகோ பாலைவனத்தில் போயிங் 727 விமானம் மோதவிடப்பட்டது. மூக்குப் பகுதி முதலில் தரையைத் தொட்டதால் முன்பகுதி பிய்ந்து சிதைந்தது. பின்பகுதி பெரிதும் தப்பியது. சீட் பெல்ட் அணிந்து, குனிந்த தற்காப்பு நிலையில் வைக்கப்பட்ட மாதிரி பொம்மைக்கே குறைந்த பாதிப்பு ஏற்பட்டது.

புதிய விமானங்களின் இருக்கைகள் புவியீர்ப்பு விசையைப் போல 16 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது இன்றைய விதி. அனைத்துப் பயணிகளும் பாதி வழிகளைக் கொண்டே 90 விநாடிகளில் வெளியேற முடியும் என்பதையும் தயாரிப்பு நிறுவனம் நிரூபிக்க வேண்டும்.

புள்ளிவிவரம் கூறுவது

அமெரிக்க விபத்துத் தரவுகளை ஆராய்ந்து 'டைம்' இதழ் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, இறப்பு விகிதம் பின்பகுதியில் 32 சதவீதம், நடுப்பகுதியில் 39 சதவீதம், முன்பகுதியில் 38 சதவீதம். தென் கொரியாவின் முவான் விமான நிலையத்தில் 2024 டிசம்பரில் 179 பேரைப் பலிகொண்ட விபத்தில் பிழைத்த இருவரும் வால் பகுதியில் இருந்த விமானப் பணியாளர்களே.

ஆயினும் இந்த வேறுபாடு சிறியது. வால் பகுதி முதலில் மோதினாலோ, அங்கு தீப்பற்றினாலோ நிலைமை தலைகீழாகும். ஆமதாபாத்தில் பிழைத்தவர் அமர்ந்திருந்தது முன்பாதியில் என்பது குறிப்பிடத்தக்கது.

பயணிகள் செய்யக்கூடியவை

மோதலைத் தாங்கியவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது தீயும் புகையும்தான். எனவே, வெளியேறும் வழிக்கு அருகில், சில வரிசைகளுக்குள் அமர்வது பயன் தரும். அமர்ந்தவுடன், முன்னும் பின்னும் உள்ள வழிகள் எத்தனை வரிசை தொலைவில் உள்ளன என எண்ணி வைத்துக்கொண்டால், புகை சூழ்ந்தாலும் தடவிச் செல்லலாம். சீட் பெல்ட்டை இடுப்பின் கீழ்ப்பகுதியில் இறுக்கமாக அணிய வேண்டும்.

உடைமைகளை எடுக்க முயல்வது பின்னால் வருபவர்களின் பாதையை அடைத்துவிடும். டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் 2024 ஜனவரி 2-ஆம் தேதி ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தீப்பற்றியபோது, பயணிகள் பைகளை விட்டுவிட்டுப் பணியாளர்களின் சொற்படி வெளியேறினர். விமானம் முழுவதும் எரிந்தபோதும் அதிலிருந்த 379 பேரும் உயிர் தப்பினர்.