உங்களுக்குத் தெரியுமா? மொரிஸ் மைனருக்கு ஓட்டோ கியர்

1948இல் வெளிவந்த மொரிஸ் மைனருக்குக் கம்பனி கடைசிவரை ஓட்டோ கியர் கொடுக்கவே இல்லை. எல்லாம் கையால் மாற்றும் நான்கு கியர்தான். கொட்டாஞ்சேனை நெரிசலில் கிளச்சை மிதித்து முழங்கால் நொந்தவர்கள், மருதானைப் பக்கத்துப் பஞ்சிகாவத்தைப் பாட்ஸ் கடைகளில்தான் ஓட்டோ கியர் பொக்ஸைத் தேட வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று முன்சக்கர இழுவைக் காரின் கியர் பொக்ஸை வாங்கிவிடாதீர்கள். மைனருக்குப் பின்சக்கர இழுவை. எஞ்சினுக்குப் பின்னால் நீளவாக்கில் பூட்டும் பொக்ஸ் வேண்டும். பழைய ஜப்பான் வான்களில் அது உண்டு. எஞ்சினோடு சேர்த்தே வாங்குவதுதான் புத்தி. பொக்ஸ் பருமனானது என்பதால் தரைத் தகட்டை வெட்டவும் நேரும்.

கம்பியூட்டர் இல்லாத பொக்ஸ் என்றால் வயரிங் தலையிடி குறைவு. ஆனால் பொக்ஸுக்குப் போகும் திரொட்டில் கேபிளைக் கவனியுங்கள். பழைய டொயோட்டா பொக்ஸ்களில், அக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது கேபிள் உறையின் முனைக்கும் கம்பியிலுள்ள சிறு நிறுத்திக்கும் இடைவெளி 1 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. தளர்ந்தால் எண்ணெய் அழுத்தம் குறைந்து உள் கிளச் தட்டுகள் வழுக்கிக் கருகும்.

கியர் லீவரை அழகு பார்த்து வாங்குவோர் அதிகம். ஆனால் லீவரிலுள்ள நிலைகளின் வரிசை பொக்ஸின் வரிசையோடு ஒத்துப்போக வேண்டும். எல்லாப் பொக்ஸிலும் வரிசை ஒன்றல்ல: 1950இல் வந்த செவ்ரோலே பவர்கிளைடில் ரிவர்ஸ் கடைசியில் இருந்தது! பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட் ஆகவிடும் சுவிட்சையும் மறக்காமல் பூட்டச் சொல்லுங்கள்.