தடுப்பூசிக்குச் சட்டம் மட்டும் போதுமா?

தட்டம்மையோ தொண்டை அடைப்பானோ எங்கேனும் தலைகாட்டும்போதெல்லாம், குழந்தைகளுக்குத் தடுப்பூசியைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. இத்தாலி 2017-லும், ஜெர்மனி 2020-லும் அத்தகைய சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவும் அவ்வழியில் செல்ல வேண்டுமா என்பதே கேள்வி.

கட்டாயம் நமக்குப் புதிதன்று. பெரியம்மையைத் தடுக்க 1880-ஆம் ஆண்டிலேயே தடுப்பூசிச் சட்டம் இயற்றப்பட்டது. அம்மைப்பால் தயாரிப்பதற்காகக் கிண்டியில் 1899-இல் கிங் நிலையம் தொடங்கப்பட்டது. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்கியது. அச்சட்டம் இன்றும் உயிருடன் உள்ளது. கரோனா காலத்தில், பொது இடங்களுக்கு வருவோருக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கத் தமிழக அரசு அதைத்தான் பயன்படுத்தியது.

அத்தகைய கட்டுப்பாடுகளை எதிர்த்த வழக்கில், உச்சநீதிமன்றம் 2022 மே 2-ஆம் தேதி தீர்ப்பளித்தது. எவரையும் வற்புறுத்தித் தடுப்பூசி செலுத்தக் கூடாது. அதே வேளையில், பொதுநலன் கருதி அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். பக்கவிளைவுகள் குறித்த விவரங்களை மக்கள் அறியச் செய்ய வேண்டும் என்றும் நீதிமன்றம் வலியுறுத்தியது.

இப்பின்னணியில் ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியைப் பார்க்கலாம். தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனையைக் கொண்ட வடசென்னைக்கு இந்நோய்களின் பெயர்கள் அந்நியமானவை அல்ல. காசிமேட்டில் விடியற்காலையிலேயே மீன் ஏலத்துக்குச் செல்லும் தாய்க்கும், எண்ணூரில் ஒப்பந்தப் பணியில் இருக்கும் தந்தைக்கும் ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாள் கூலி. வடமாநிலத்திலிருந்து வந்த குடும்பத்திடம் தடுப்பூசி அட்டை இருந்தாலும், அதிலுள்ள எழுத்து இங்குள்ள செவிலியருக்குப் புரியாமல் போகலாம். இவர்கள் தடுப்பூசியை மறுப்பவர்கள் அல்லர், தவணையைத் தவறவிட்டவர்கள். அபராதம் விதிக்கும் சட்டம் இவ்விரு தரப்பினரையும் ஒரே தட்டில் வைத்துவிடும்.

சான்று இல்லாத குழந்தையைப் பள்ளியில் சேர்க்க மறுப்பதும் இங்கே சிக்கலானது. 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை. பெற்றோரின் பிழைக்காகக் குழந்தை வகுப்பறையை இழப்பது நியாயமாகாது.

மறுப்பும் இல்லாமல் இல்லை. 2017-இல் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகப் பள்ளிகளில் நடந்தபோது, வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர்; முகாமின் கால அளவை நீட்டிக்க நேர்ந்தது. அந்த அச்சத்துக்குப் பின்புலமும் உண்டு. 2008-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பின்னர் நான்கு குழந்தைகள் உயிரிழந்த துயரத்தை மக்கள் எளிதில் மறந்துவிடவில்லை. இத்தகைய அச்சம் அபராதத்தால் தணியாது. என்ன நடந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்வதும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு உறுதி செய்வதுமே அதைத் தணிக்கும்.

தட்டம்மை பரவாமல் தடுக்க ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு நோய் எதிர்ப்பாற்றல் வேண்டும். மாநிலச் சராசரி அந்த அளவை எட்டினாலும், தவணை தவறிய குழந்தைகள் ஒரே குடியிருப்பில் திரண்டிருந்தால் நோய்க்கு அதுவே வாசலாகும். ஒன்பது மாதம் நிறையாத கைக்குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடும் வயதே வந்திராது. சுற்றியிருப்போரின் எதிர்ப்பாற்றலே அதற்குக் கவசம்.

எனவே, கட்டாயம் என்பது முதலில் அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். புதன்கிழமை முகாம்களுடன் மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தடுப்பூசி கிடைக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் செவிலியர்கள் நேரில் செல்ல வேண்டும். பள்ளிச் சேர்க்கையின்போது அட்டையைச் சரிபார்த்து, விடுபட்ட தவணையை அங்கேயே செலுத்த ஏற்பாடு வேண்டும். வேறு மாநிலத்தில் போட்ட ஊசியையும் காட்டவல்ல யு-வின் இணையப் பதிவை ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமும் முறையாகப் பயன்படுத்த வேண்டும்.

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் 2011-க்குப் பின் தலைதூக்கவில்லை. வீட்டு வாசலுக்கும் ரயில் நிலையத்துக்கும் சொட்டு மருந்தைக் கொண்டு சென்ற ஊழியர்கள் ஈட்டிய வெற்றி அது. இத்தனையும் செய்த பிறகும் மறுப்போர் எஞ்சுவார்களானால், அப்போது சட்டத்தைப் பற்றிப் பேசலாம்.